எவ்வளவு தூரம் என்று கேட்கட்டும், எங்கே என்று கேட்க வேண்டாம்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதன் விளைவு கொழும்பின் காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் சற்று நேரம் நின்றாலே தெரியும்: சத்தமில்லாமல் ஊர்ந்து போகும் மின்கார்கள். வாங்கியவர்கள் சுங்கத்தில் கட்டிய வரி சின்னத் தொகையில்லை. மோட்டாரின் கிலோவாற் அளவைப் பார்த்து உற்பத்தி வரி அறவிடுகிறார்கள். ஆனால் அது ஒரு தடவையோடு முடிகிற கணக்கு. வண்டி ஓட ஓடக் கட்டுகிற வரி எரிபொருளின் விலைக்குள் இருக்கிறது. பெற்றோல் செட் பக்கமே போகாத வண்டி அதைக் கட்டுவதில்லை. மின்கலத்தின் பாரத்தால் அந்த வண்டி வீதிக்குத் தரும் சுமை மட்டும் குறைந்தபாடில்லை.

இந்த ஓட்டையை அடைக்க வெளிநாடுகள் சில கையிலெடுத்த வழி, ஓடிய தூரத்துக்கு வரி. இலங்கையில் இன்று அப்படியொரு வரி கிடையாது. வருவதற்கு முன்பே யோசித்து வைப்பது நல்லது. தூரத்தை எந்த முறையில் அளக்கிறார்கள் என்பதில்தான் வில்லங்கம் இருக்கிறது. கொழும்பில் வாழும் தமிழருக்கு அது இன்னும் ஒரு படி கூடுதல்.

எரிபொருள் வரி: பழையது, ஊமை

முதலில், இப்போது இருப்பதைப் பார்ப்போம். சுங்க வரி, உற்பத்தி வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற் வரி என்று எல்லாம் லீற்றர் விலைக்குள் அடங்கிவிடுகின்றன. அறவிடுவது மிக எளிது. நாடெங்கும் ஓடும் வண்டிகளைத் துரத்த வேண்டியதில்லை. துறைமுகத்திலும் களஞ்சியத்திலும் பிடித்துக்கொண்டால் போதும். ஓட்டோக்காரர் ஐந்நூறு ரூபாய்க்கு அடித்தால் ஐந்நூறு ரூபாய்க்கான வரியை மட்டும் கட்டுகிறார். காசைக் கொடுத்தால் பெயர் கேட்பாரில்லை. தனிமனித இரகசியத்தைக் காப்பதில் இதற்கு நிகரான வரி இல்லை.

குறை அதன் நியாயத்தில் இருக்கிறது. கணக்குக்காக லீற்றருக்கு 50 ரூபாய் வரி என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் பழைய கார், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர ஏறத்தாழ 800 கிலோமீற்றருக்கு 4,000 ரூபாய் கட்டும். 20 கிலோமீற்றர் ஓடும் ஹைபிரிட் 2,000 ரூபாய் கட்டும். மின்கார் ஒரு சதமும் கட்டாது. ஏ9 வீதியில் மூன்றும் ஓடியது ஒரே தூரம். புதிய கார் வாங்க வசதியில்லாதவர் கூடக் கட்டுகிறார், வசதியுள்ளவர் தப்பிக்கொள்கிறார். மின்கார்கள் பெருகப் பெருக இந்தக் கோணல் மோசமாகும்.

எரிபொருள் வாங்குவதில் இருந்த அந்த ஊமைத்தனமும் ஒரு தடவை கலைந்தது. 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தது. வாகன இலக்கம், அடிச்சட்ட இலக்கம், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் கொடுத்துப் பதிந்தோம். தொடக்கத்தில் வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்தப் பதிவுகளை எத்தனை காலம் வைத்திருப்பார்கள், யார் பார்க்கலாம் என்றெல்லாம் கேட்க யாருக்கும் மனமிருக்கவில்லை. நாள்கணக்கில் வரிசையில் கிடந்தவனுக்கு அந்தக் கேள்வி ஆடம்பரம். 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. ஆனால் ஒவ்வொரு வண்டியையும் ஒரு ஆளோடு முடிச்சுப் போட்டுக் கணக்கு வைக்க இந்த அரசாங்க இயந்திரத்தால் முடியும் என்பது அப்போது நிரூபணமாகிவிட்டது. சில வாரங்களிலேயே அதைச் செய்தார்கள்.

மீற்றரைப் பார்த்து வரி

நியூசிலாந்தில் டீசல் வாகனங்களுக்கு 1970களின் கடைசியிலிருந்தே இந்த முறைதான். சாரதி முன்கூட்டியே 1,000 கிலோமீற்றர் அலகுகளாக அனுமதி வாங்கி, அதைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும். வண்டியின் மீற்றர் அந்த எண்ணைத் தாண்டினால் தண்டம். பார லொறிகளுக்குச் சில்லின் மையத்தில் பூட்டும் தனி மீற்றர் உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து மின்கார்களும் இதற்குள் வந்தன. 1,000 கிலோமீற்றருக்கு 76 நியூசிலாந்து டொலர். அதே 2024இன் ஜனவரியில் ஐஸ்லாந்து மின்கார்களுக்குக் கிலோமீற்றருக்கு 6 குரோனா விதித்தது. அங்கே உரிமையாளர் தாமே மீற்றர் எண்ணை இணையத்தில் பதிந்துவிடுகிறார். பிரித்தானியா 2028 ஏப்ரலிலிருந்து மின்கார்களுக்கு மைலுக்கு 3 பென்ஸ் அறவிடப்போவதாக 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. வண்டியில் பின்தொடரும் கருவி எதுவும் இராது என்றும் சேர்த்தே சொல்லிவிட்டது. அந்த நாட்டுக்கு ஏற்கெனவே ஒரு சூடு விழுந்திருக்கிறது: 2007இல் வீதிக் கட்டணத்துக்கு எதிரான இணைய மனுவில் ஏறக்குறைய 18 இலட்சம் பேர் ஒப்பமிட்டார்கள், திட்டம் கிடப்பில் போனது.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021இல் இப்படியொரு வரி கொண்டுவந்து, மீற்றரைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னது. 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. அத்தகைய வரி விதிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்பது காரணம். அளக்கும் முறையில் நீதிமன்றம் குறை காணவில்லை.

கொழும்பில் இதற்கு வாசல் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. வருடந்தோறும் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் போகிறோம். அந்த வேளையில் மீற்றர் எண்ணையும் எழுதிக்கொண்டால் வேலை முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், புகையே விடாத மின்காருக்குப் புகைப் பரிசோதனை நிலையத்தில் வேலையில்லை. எந்த வண்டிக்காக இந்த வரி தேவைப்படுகிறதோ அந்த வண்டிதான் அங்கே வராது. ஆகவே மின்காருக்கென்று ஓர் ஆய்வு வேண்டியிருக்கும். பிரேக்கையும் ரயரையும் அதோடு பார்த்துக்கொண்டால் நல்லதுதான்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. மீற்றரைப் பின்னால் திருப்பும் வித்தை தெரியாத ஊர் இல்லை நமது ஊர். பாவித்த வாகனம் வாங்கப் போகிறவர் முதலில் சந்தேகப்படுவது அந்த எண்ணைத்தான். வரியும் அதில் தொங்கினால் திருப்புகிறவர்களுக்கு இரட்டை ஆதாயம். வருட முடிவில் மொத்தமாகக் கட்டச் சொன்னால் ஓட்டோ ஓட்டி அன்றாடம் பிழைப்பவர் எங்கே போவார்? அதற்கு நியூசிலாந்தின் முற்பண முறை பொருந்தும். 100 ரூபாய்க்குப் போன் ரீலோட் செய்து பழகிய நமக்கு, 200 கிலோமீற்றரை ரீலோட் செய்வது ஒன்றும் புதிதாக இராது.

பெட்டியைப் பூட்டி வரி

மூன்றாவது வழி, வண்டிக்குள் ஜிபிஎஸ் கருவி. கார்களைப் பொறுத்தவரை இதில் முன்னோடி அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம். 1919இல் அந்நாட்டிலேயே முதலாவதாகப் பெற்றோலுக்கு வரி போட்டதும் அதே மாநிலம்தான். கலனுக்கு ஒரு சதம். பெற்றோல் வரி தேயத் தொடங்கியதும் மாற்று வழியைத் தேடி முதலில் கிளம்பியதும் அதுவே. 2006இல் ஜிபிஎஸ் கருவியோடு பரிசோதனை நடத்தினார்கள். அரசாங்கப் பெட்டி நமது காருக்குள்ளா என்று மக்கள் முகம் சுளித்தார்கள். 2015 ஜூலையில் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கிய திட்டத்தில் ஜிபிஎஸ் இல்லாத கருவியையும் தெரிந்தெடுக்கலாம் என்றார்கள். கணக்கைத் தனியார் நிறுவனம் வைத்திருக்கும். கட்டணம் தீர்ந்த பின் 30 நாட்களுக்குள் இடவிபரங்களை அழிக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

ஒரிகனுக்கு இடம் ஏன் தேவைப்பட்டது? அங்கிருந்து எல்லையைத் தாண்டிக் கலிபோர்னியாவில் ஓடிய மைலுக்கு ஒரிகன் வரி கேட்க முடியாது. எங்கே ஓடியது என்று தெரிந்தால்தான் கழிக்க முடியும். ஜிபிஎஸுக்குச் சொல்லப்படும் வலுவான காரணம் இதுதான். நாம் இருப்பதோ தீவு. வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு யாரும் காரை ஓட்டிப் போக முடியாது. இங்கே மீற்றர் காட்டும் கிலோமீற்றர் அத்தனையும் இலங்கையில் ஓடியவை. மீற்றரை நம்பி இறங்கிய நியூசிலாந்தும் ஐஸ்லாந்தும் தீவுகள் என்பதைக் கவனியுங்கள்.

ஜிபிஎஸ் பக்கம் இன்னொரு நியாயமும் உண்டு. வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாண சபைக்குப் போகிறது. மேல் மாகாணத்தில் பதிந்த வண்டி வருடம் முழுவதும் வடக்கின் மாகாண வீதிகளில் ஓடினாலும் காசு இங்கேயே விழுகிறது. எங்கே ஓடியது என்று தெரிந்தால் உரிய மாகாணத்துக்குப் பங்கு கொடுக்கலாம். வடக்கைச் சேர்ந்தவன் என்ற முறையில் இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் அதற்காக ஒவ்வொரு காரையும் பின்தொடர வேண்டாம். வீதிகளில் வாகனங்களை எண்ணிப் பார்த்து ஒரு விகிதத்தில் பிரிக்கலாம்.

இனி, நமது கதைக்கு வருவோம். போர்க்காலத்தில் கொழும்பில் இருந்த தமிழருக்குச் சோதனைச்சாவடியில் கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டு: எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து, அந்தப் படிவத்தின் பிரதியைக் கையோடு வைத்திருந்தோம். 2007 ஜூன் மாதம் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை இரவோடு இரவாக எழுப்பி, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் பஸ்கள் அதற்குள் போய்விட்டிருந்தன. எங்கே யார் தங்கியிருக்கிறார்கள் என்ற விபரம் கையில் இருந்தால் அதை வைத்து என்ன செய்யலாம் என்பதை அந்த ஓர் இரவிலேயே பார்த்துவிட்டோம். வண்டிக்குள் பூட்டிய பெட்டி அந்த இரண்டு கேள்விகளுக்கும் யாரும் கேட்காமலே, நாள் முழுவதும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

சட்டம் காக்கும் என்பார்கள். ஜேர்மனியில் 2005இலிருந்து லொறிகளுக்கு ஜிபிஎஸ் மூலம் கட்டணம் அறவிடுகிறார்கள். அந்தத் தரவை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. அது ஜேர்மனி. சிங்கப்பூரில் கொவிட் தொற்றாளரோடு பழகியவர்களைக் கண்டறிய மட்டுமே என்று சொல்லி மக்கள் கையில் கொடுத்த செயலியின் தரவைக் குற்ற விசாரணைக்குப் பொலிஸார் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் வெளிவந்தது. ஒழுங்குக்குப் பெயர்போன சிங்கப்பூரின் வாக்குறுதியே ஒரு வருடம் தாங்கவில்லை. நமது நிலைமை? அரசியலமைப்பில் அந்தரங்கத்துக்கான உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்து தள்ளிப்போயின. பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று கொண்டு 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. முப்பது நாளில் அழிப்போம் என்ற வாக்குறுதியை இந்த மண்ணில் யாரிடம் வாங்கி எங்கே பத்திரப்படுத்துவது?

இதற்கு எதிராக வரும் வாதம் எனக்குத் தெரியும். வெள்ளவத்தைச் சந்தியில் ஓர் ஓட்டோக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “அண்ணை, என்னுடைய போனுக்கு நான் தேநீர் குடிக்கிற கடைகூடத் தெரியும். புதிதாக எதை ஒளிக்கப் போகிறீர்கள்?” உண்மைதான். வாடகை வண்டிச் செயலிகளான பிக்மீயும் ஊபரும் அவரைத் தொடர்கின்றன. கொழும்பில் 2024 ஜனவரியிலிருந்து வீதிக் கமராக்களைப் பார்த்துப் போக்குவரத்துக் குற்றங்களுக்கு நடவடிக்கை எடுக்கிறார்கள். ஆனாலும் போனை அணைத்து வைக்கலாம், வீட்டில் விட்டுப் போகலாம், செயலியிலிருந்து வெளியேறலாம். வரிப் பெட்டியை அணைத்தால் அது குற்றம்.

வாசலில் நின்று வாங்கும் கட்டணம்

தெற்கு அதிவேகப் பாதையிலும் கட்டுநாயக்கப் பாதையிலும் ஏற்கெனவே தூரத்துக்குத்தான் கட்டுகிறோம். நுழையும்போது டிக்கெட், வெளியேறும்போது காசு, பெயர் தேவையில்லை. நல்ல முறை. காலி வீதியில் வாசல் கட்ட முடியாது என்பதோடு இதன் கதை முடிகிறது. சிங்கப்பூர்போல நெரிசல் நேரத்தில் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டைக்குள்ளும் வரக் கட்டணம் என்பது வேறு நோக்கமுள்ள வேறு வரி. பஸ்ஸும் ரயிலும் ஒழுங்காக ஓடும்வரை அதைப் பேசவே கூடாது என்பேன்.

என் தெரிவு

பெற்றோல், டீசல் வண்டிகளுக்கு எரிபொருள் வரி அப்படியே இருக்கட்டும். மின்கார்களுக்கு மீற்றர் முறை, சிறு அலகுகளாக முற்பணம். பார லொறிகளை மறந்துவிடக் கூடாது: வீதிக்கு ஏற்படும் சேதம் அச்சுப் பாரத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடும் (பாரம் இரட்டித்தால் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு) என்பது 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த வீதிப் பரிசோதனைகளிலிருந்து பொறியியலாளர்கள் அறிந்தது. ஆகவே சில்லு மீற்றர் அவற்றுக்கும் வேண்டும், பாரத்துக்கேற்ற விகிதத்தோடு. ஜிபிஎஸ் வேண்டுமென்று தாமாகக் கேட்கும் நிறுவனங்களுக்கு மட்டும் ஜிபிஎஸ்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தீர்க்க வேண்டிய ஒன்று கிடக்கிறது. பெயர் மாற்றாமல், கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு கைமாறும் ‘ஓப்பன் பேப்பர்’ வாகனங்கள் நமது வீதிகளில் ஏராளம். மீற்றர் முறையில் அந்த வண்டியின் நிலுவை, பதிவில் இருக்கும் பழைய உரிமையாளரின் தலையில் விழும். வண்டியை விற்ற கடிதத்தைக் காட்டி எப்படியாவது தீர்த்துக்கொள்ளலாம். ஜிபிஎஸ் முறையில் விழுவது வேறு. வானை விற்றுவிட்டு ரொறன்ரோவில் குடியேறிப் பல வருடங்களான ஒருவர், நேற்றிரவு இரண்டு மணிக்கு ஓமந்தையில் நின்றதாகப் பதிவு சொல்லும். அதற்கு அவர் விளக்கம் கொடுக்க வேண்டியது விடுமுறைக்குக் கட்டுநாயக்கவில் வந்து இறங்கும்போதாக இருக்கும்.