கற்பனை ஊர் எழுதித் தருவதாக விளம்பரம் செய்பவரிடம் 600 ரிங்கிட் கொடுத்து ஏமாந்தேன்

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. பதினோரு பிள்ளைகள் ஆறு வாரம் ஆசையாகக் காத்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

ஞாயிறு மதியம் கோயில் மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகளோடு ஓர் ஆட்டம் ஆடுகிறோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் எடுத்துக் கதையை நடத்திக்கொண்டு போகும் ஆட்டம். 1974இல் அமெரிக்காவில் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு மூத்தது. 2023 ஜனவரியில் அதன் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் மொழிபெயர்க்கலாம். அதை வைத்து விதிகளைத் தமிழில் நானே சுருக்கி எழுதினேன். ஆனால் கதை நடக்க ஓர் ஊர் வேண்டுமே. கிடைத்ததெல்லாம் பனிமலையும் கோதுமை வயலும்தான். செம்பனைக் காட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அதில் என்ன ஒட்டும்?

அதனால் ஒரு சந்தை ஊரை யோசித்தேன். பெயர் உப்பாற்றுப்பேட்டை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சந்தை. மலையிலிருந்து கூளிப் பேய்கள் தேன் கொண்டுவரும், ஆற்றுக்குள்ளிருந்து நீர்மகளிர் உப்பு கொண்டுவருவார்கள். பூம்புகாரில் பொய்ச்சாட்சி சொல்பவரைப் பிடித்துத் தின்னும் சதுக்கப் பூதம் இருந்ததாகப் படித்திருக்கிறோமே, அந்தப் பூதம் இந்தச் சந்தைக்கு நடுவிலும் நிற்கும். மற்றதெல்லாம் என் பாட்டி சொன்னது. அவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். சம்பள நாளில் லயத்து வாசலில் துணிக்காரர் பாயை விரிப்பார், பலகாரக் கூடைகள் வரிசையாக உட்காரும், வட்டிக்காரர் சற்றுத் தள்ளி மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று கதை கதையாகச் சொல்வார். இதையெல்லாம் பதினான்கு பக்கம் கையால் எழுதி, படம் பிடித்து அந்த நபருக்கு அனுப்பினேன்.

அவருடைய விளம்பரம் முகநூலில் வந்தது. நீலக் கூரைக் கோபுரத்தோடு ஒரு சந்தைப் படம், கீழே 'உங்கள் கற்பனை ஊரைத் தமிழில் உருவாக்கித் தருகிறோம்' என்று. ஈப்போவில் இருப்பதாகச் சொன்னார். பேச்சு அவ்வளவு மரியாதை. 24 பக்கப் புத்தகம், பெரிய வரைபடம், கடைகள், ஆட்கள், விலைப்பட்டியல் எல்லாம் சேர்த்து 600 ரிங்கிட். முன்பணம் 300. அப்புறம், 'அச்சுக்குத் தயார், மீதியைப் போட்டால் உடனே அனுப்புகிறேன்' என்றார். போட்டேன். கணக்கில் இருந்த பெயர் அவர் சொன்ன பெயரில்லை. 'அக்காவோட அக்கவுண்ட்' என்றார், நம்பிவிட்டேன்.

வந்ததைத் திறந்தால் இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: 'ஆண்டுக்கு இருமுறை இங்கே ஒரு பெரிய நியாயமான நடைபெறுகிறது.' மூன்று தடவை படித்தேன், புரியவில்லை. பிறகுதான் பொறி தட்டியது. ஆங்கிலத்தில் சந்தைத் திருவிழாவுக்கும் நியாயத்துக்கும் 'ஃபேர்' என்று ஒரே சொல். யாரோ எழுதியதை மெஷினில் போட்டு எடுத்திருக்கிறார். அடுத்த பக்கத்தில் 'அரச புதினாவில் வெள்ளிக் காசு அடிக்கப்படுகிறது' என்று இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'மிண்ட்' என்பதால் நாணயச் சாலை புதினாவாகிவிட்டது. பூதத்தைக் காணோம். அந்த இடத்தில் குதிரை மேல் ஒரு கவசவீரன் சிலை. பாட்டியின் துணிக்காரரும் இல்லை, வட்டிக்காரரும் இல்லை. என் பதினான்கு பக்கத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் நெஞ்சில் குத்துவது அதுதான்.

வரைபடத்தில் அடுத்த சந்தை ஊர் இரண்டு கிலோமீட்டரில் இருந்தது, அதற்கடுத்தது மூன்றில். 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சட்ட நூல் ஒன்று, புதுச் சந்தை பழைய சந்தையிலிருந்து 6⅔ மைல், அதாவது சுமார் 10.7 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. ஒரு நாள் பயணம் 20 மைல் என்று வைத்து அதை மூன்றாகப் பிரித்த கணக்கு: போக ஒரு பங்கு, விற்க ஒரு பங்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு பங்கு. இதையும் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தேன். நடந்தே சந்தைக்குப் போய்வரும் ஊரில் தூரம் தப்பினால் கதையே நிற்காது.

திருட்டைக் கண்டுபிடித்தது நானில்லை, இன்னும் இடைநிலைப் பள்ளிக்குக்கூடப் போகாத ஒரு பெண்பிள்ளை. ஆட்டத்தில் உப்பு வியாபாரியாக வருபவள். "அண்ணே, இங்க பாருங்க, எழுத்துக்கடியில ஏதோ வால் தொங்குது" என்றாள். வரைபடத்தின் வலது கீழ்மூலையில் 'உப்பாற்றுப்பேட்டை' என்று ஒட்டியிருந்த பட்டைக்குக் கீழே கறுப்பு மையில் கொக்கி மாதிரி ஒரு கோடு எட்டிப் பார்த்தது. படத்தை வைத்துக் கூகுளில் தேடினோம், ஐந்து நிமிடத்தில் மூலப்படம் வந்துவிட்டது. வெளிநாட்டு ஓவியர் ஒருவரின் வரைபடம், அந்தக் கொக்கி அவர் கையெழுத்தின் கடைசி எழுத்து. அவருக்கே எழுதிக் கேட்டேன். யாருக்கும் விற்க அனுமதி கொடுக்கவில்லை என்று பதில் போட்டார்.

அந்த நபரிடம் கேட்டதற்கு, "இது ஃபைனல் டெலிவரி, திருத்தத்துக்குத் தனிக் கட்டணம்" என்றார். ஓவியரின் பதிலைக் காட்டியதும் என் எண்ணை முடக்கிவிட்டார்.

பணம் போட்ட உடனே ஏமாற்று என்று தெரிந்தால் 997க்கு அழையுங்கள், அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். எனக்குத் தெரிவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு வாட்ஸ்அப் எண்ணும் 'அக்கா'வின் கணக்கு எண்ணும்தான். அந்தக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே இரண்டு புகார்கள் இருந்தன. முன்பணம் போடுவதற்கு முன்னால் பார்த்திருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தயவுசெய்து நீங்கள் பாருங்கள். ஒரு பக்கம் மாதிரியும் கேளுங்கள், அவர்களிடம் இருப்பதை அல்ல, உங்கள் குறிப்பிலிருந்து புதிதாக எழுதியதை. எனக்கு அப்படி ஒரு பக்கம் வந்திருந்தால் அந்தப் 'புதினா' அன்றைக்கே மாட்டியிருக்கும்.

போன ஞாயிறு மாஜோங் தாள் என்கிற பெரிய வரைதாள் நான்கை ஒட்டித் தரையில் விரித்தோம். பூதத்தை நடுவில் வரைந்துவிட்டார்கள், வட்டிக்காரருக்கு மரமும் சைக்கிளும் வந்தாயிற்று. ஆற்றுக்கு எந்தப் பக்கம் உப்புக்கடை என்பதில்தான் இன்னும் சண்டை.

நேற்று அதே நீலக் கூரைக் கோபுரப் படம் வேறொரு பெயரில் விளம்பரமாக வந்தது. கண்ணில் பட்டால் பெரிதாக்கிப் பாருங்கள். வலது கீழ்மூலையில் அதே கொக்கி இருக்கிறது.