எஸ்தர் டஃப்லோவின் வகுப்பில் ஐந்து மாதம்: எம்.ஐ.டி.யின் இலவச வறுமைப் பாடம்

தஞ்சாவூர் மாவட்டத்தில் பாபநாசம் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் நடத்துகிறேன். 2019 அக்டோபரில் பொருளியல் நோபல் அறிவிப்பு வந்த மறுநாள் பிளஸ் டூ பையன் ஒருவன் எழுந்து, "இவங்க என்ன டீச்சர் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டான். செய்தித்தாளில் இருந்ததைச் சொன்னேன். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், உலக வறுமையைக் குறைக்கச் சோதனை முறையில் ஆய்வு செய்ததற்காக என்று. "சோதனைன்னா, கெமிஸ்ட்ரி லேப் மாதிரியா?" என்றான். அதற்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்வி ரொம்ப நாள் உள்ளே கிடந்தது. போன வருடம்தான் அதற்கு உட்கார்ந்தேன். எம்.ஐ.டி. (குரோம்பேட்டையில் இருப்பது வேறு; இது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) தன் வகுப்புப் பாடங்களை ஓபன் கோர்ஸ்வேர் என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. இந்தத் திட்டத்தை அவர்கள் அறிவித்தது 2001இல். அதில் 14.73 என்ற எண்ணுள்ள பாடம், 'உலக வறுமை என்னும் சவால்'. 2011ஆம் ஆண்டு வகுப்பறையில் டஃப்லோவும் பானர்ஜியும் மாறி மாறி நடத்தியதை அப்படியே படம் பிடித்திருக்கிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட விரிவுரைகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். பதிவு செய்ய வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். சான்றிதழும் கிடையாது.

ராத்திரி சமையல் வேலை முடித்து, ஒன்பதரைக்கு மேல் போனில் பார்ப்பேன். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. டஃப்லோ பேசும் ஆங்கிலத்தில் பிரெஞ்சு வாடை இருக்கும், வேகமும் அதிகம். முதல் இரண்டு வாரம் வேகத்தைக் குறைத்து வைத்துத்தான் கேட்டேன். பானர்ஜியின் உச்சரிப்பு நம் காதுக்குச் சட்டெனப் பழகிவிடும்.

இதற்கு முன்னால் நான் பொருளியல் கற்ற விதத்தையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் தேர்வுக்காக ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டி ஏழு மாதம் படித்தேன். அங்கே பொருளியல் என்றால் பெயர், ஆண்டு, கோட்பாடு என்று மூன்று கட்டம் போட்ட தாள். இன்னார் இந்த ஆண்டு இதைச் சொன்னார். ஏன் சொன்னார், அது சரிதான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் பேசியதில்லை. தேர்வில் தேறினேன், அதில் குறையில்லை. ஆனால் பல வருடம் நானும் அதே கட்டத்தைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

டஃப்லோவின் பாடத்தில் அந்த "எப்படித் தெரிந்தது"தான் முழுப் பாடமும். ஏழை எதனால் ஏழையாகவே இருக்கிறார், சாப்பாடு போதாமல் உழைக்க முடியாமல் போகிறதா, கொசுவலையை இலவசமாகக் கொடுப்பதா விலைக்குக் கொடுப்பதா என்று கேள்விகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர், ஒரு கணக்கெடுப்பு, ஒரு ஒப்பீடு இருக்கும். பார்க்கப் பார்க்க எனக்கு இன்னொன்றும் புரிந்தது. அந்த உதாரணங்களில் பாதிக்கு மேல் அவர்களோ அவர்களுடைய சகாக்களோ நேரடியாகச் செய்த ஆய்வுகள். பாடத்தைக் கேட்டால் ஒரு பேராசிரியரின் வாழ்க்கை கூடவே ஓடுகிறது. அப்புறம் அவரைப் பற்றித் தனியாகவும் தேடிப் படித்தேன்.

டஃப்லோ 1972இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா கணிதப் பேராசிரியர், அம்மா குழந்தை மருத்துவர். முதலில் அவர் படித்தது வரலாறு. 1993இல் மாஸ்கோ போய் ஒரு வருடம் தங்கி, சோவியத் கால வரலாற்றை ஆராய்ந்துகொண்டே அங்கிருந்த பொருளியலாளர்களுக்கு உதவியாளராகவும் வேலை செய்தார். ஒரு நாட்டின் கொள்கையையே பொருளியல் மாற்ற முடியும் என்பதை அங்கே கண்ணால் பார்த்த பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினார். எம்.ஐ.டி.யில் 1999இல் முனைவர் பட்டம். வழிகாட்டிகள் பானர்ஜியும் ஜோஷுவா ஆங்ரிஸ்ட்டும். பட்டம் வாங்கிய இடத்திலேயே உதவிப் பேராசிரியர் வேலை, 2002இல், 29 வயதில் நிரந்தரப் பதவி. 2003இல் பானர்ஜியோடும் செந்தில் முல்லைநாதனோடும் (ஆமாம், நம்மூர்ப் பெயர்தான்) சேர்ந்து வறுமை ஆய்வுக்கென ஒரு கூடத்தைத் தொடங்கினார். இன்று ஜே-பால் என்று அழைக்கப்படுவது அதுதான். தமிழ்நாடு அரசு 2014இல் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. 2021இல் முதலமைச்சரின் பொருளாதார ஆலோசனைக் குழுவிலும் டஃப்லோ பெயர் இருந்தது. நோபல் அறிவிக்கப்பட்டபோது வயது 46. பொருளியலில் அவ்வளவு இளம் வயதில் வேறு யாரும் வாங்கியதில்லை. எலினார் ஆஸ்ட்ரத்துக்குப் பிறகு அதைப் பெற்ற இரண்டாவது பெண்ணும் அவரே.

பட்டியல் போதும். அவருடைய முனைவர் பட்ட ஆய்வில் ஒன்றைச் சொல்கிறேன், என் வகுப்பில் நான் அடிக்கடி எடுக்கும் உதாரணம் அது. இந்தோனேசியா 1973க்கும் 1978க்கும் இடையில் 61,000க்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. பள்ளி கட்டினால் படிப்பு கூடுமா, படித்தவருக்குச் சம்பளம் கூடுமா? "கூடும்" என்று யாரும் சொல்லிவிடலாம். டஃப்லோ என்ன செய்தார் என்றால், பள்ளிகள் நிறையக் கட்டப்பட்ட மாவட்டங்களையும் குறைவாகக் கட்டப்பட்ட மாவட்டங்களையும் எடுத்துக்கொண்டார். இரண்டு இடத்திலும், பள்ளி வந்தபோது சின்னக் குழந்தையாக இருந்தவர்களையும், அதற்குள் பள்ளி வயது தாண்டிவிட்டவர்களையும் பிரித்து, இவர்களுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தார். இந்த இரண்டு வித்தியாசங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் பள்ளியின் பலன். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கூடினால் சராசரிப் படிப்பு 0.12 முதல் 0.19 வருடம் கூடியது, கூலி 1.5 முதல் 2.7 சதவீதம் ஏறியது. எண் சின்னதுதான். ஆனால் அது ஏன் நம்பத் தகுந்த எண் என்பதைப் பத்து நிமிடத்தில் பிளஸ் டூ பிள்ளைக்குப் புரியவைக்க முடிகிறது. நான் புரியவைத்தேன்.

இனி, என்னை ரொம்பப் பாதித்த இடம். ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தி வந்தது. ஆசிரியர்கள் அடிக்கடி வருவதில்லை. டஃப்லோவும் சக ஆய்வாளர்களும் 113 பள்ளிகளில் 57ஐக் குலுக்கல் முறையில் எடுத்து, ஆசிரியரிடம் ஒரு கேமரா கொடுத்தார்கள். காலையிலும் பள்ளி முடியும்போதும் ஒரு பிள்ளை ஆசிரியரைப் படம் எடுக்க வேண்டும். தேதியும் நேரமும் படத்தில் பதியும். வந்த நாளுக்கு ஏற்பச் சம்பளம். கேமரா இல்லாத பள்ளிகளில் ஆசிரியர் வராத நாள் 42 சதவீதம். கேமரா உள்ள பள்ளிகளில் 21 சதவீதம்.

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வாத்தியாரை நம்பாமல், பிள்ளை கையால் படம் பிடிக்க வைப்பதா? போனை மூடி வைத்துவிட்டேன். நான்கு நாள் பார்க்கவே இல்லை. அந்த ஆசிரியர்களுக்கு மாதச் சம்பளம் 1,000 ரூபாய் என்பதும் மனதை அறுத்தது.

பிறகு அந்த ஆய்வையே தேடிப் படித்தேன். வகுப்புக்கு வந்த நாட்களில் கேமரா பள்ளி ஆசிரியரும் மற்ற ஆசிரியரும் ஒரே அளவுக்குத்தான் பாடம் நடத்தியிருக்கிறார்கள். வருகிற நாள் கூடியதும் பிள்ளைகளின் மதிப்பெண் கூடியது. அதாவது வாத்தியார் வகுப்பில் நின்றாலே பிள்ளை கற்கிறது. என் தொழிலைப் பற்றி இதைவிடப் பெரிய மரியாதையை எந்த ஆசிரியர் தின விழாவிலும் நான் கேட்டதில்லை. கேமரா எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அந்த முடிவு பிடித்திருக்கிறது.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு ஆய்வு உண்டு. அதே உதய்ப்பூர் வட்டாரத்தில் அரசுச் செவிலியர்களின் வருகையைக் கண்காணித்து ஊக்கம் கொடுக்கும் திட்டம். முதல் சில மாதம் வருகை நன்றாக ஏறியது. அப்புறம் துறைக்குள்ளேயே "இன்று விலக்கு" என்று எழுதிக்கொடுப்பது பெருகி, 16 மாதத்தில் திட்டம் நடந்த இடத்துக்கும் நடக்காத இடத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போனது. தோற்றுப்போனதையும் டஃப்லோவும் பானர்ஜியும் முழுசாக எழுதி வெளியிட்டார்கள். ஒரு பேராசிரியரின் பணியில் இதைத்தான் நான் முதலில் மதிக்கிறேன். ஜெயித்த ஆய்வை யாரும் எழுதிவிடுவார்கள்.

வகுப்பில் உடனே எடுபட்டது பருப்புக் கதை. அதே உதய்ப்பூர் பக்கம், தடுப்பூசி முழுவதும் போட்டுக்கொண்ட குழந்தைகள் 6 சதவீதம் மட்டும். தவறாமல் முகாம் நடத்தினால் 18 சதவீதம். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டுகள் என்றதும் 39 சதவீதம். பருப்புக்குப் பணம் செலவாகும்தானே? ஆனால் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு ஏறக்குறைய 56 டாலரிலிருந்து 28 டாலராகக் குறைந்தது. செவிலியர் எப்படியும் நாள் முழுக்க முகாமில் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் செலவு நிறையக் குழந்தைகளுக்குப் பகிர்ந்து போகிறது. மாறாச் செலவு, சராசரிச் செலவு என்று எங்கள் பாடப்புத்தகத்தில் வளைகோடு வரைந்து நடத்துவது இதைத்தான். அந்த வருடம் வளைகோட்டை வரைவதற்கு முன்னால் பருப்பைச் சொன்னேன். பின் பெஞ்சில் ஒரு பெண் சொன்னாள்: "சத்துணவு மாதிரி டீச்சர். சோத்துக்கு வந்து அப்படியே படிச்சிட்டுப் போறது." அவளுடைய பாட்டி சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவர்.

குறை இல்லாமல் இல்லை. குலுக்கல் போட்டு ஒப்பிடும் இந்த முறையால் கேட்க முடிந்த கேள்விகளைத்தான் இந்தப் பாடம் அதிகம் கேட்கிறது. நெல்லுக்கு என்ன விலை வைப்பது, காவிரித் தண்ணீர் எப்போது வரும், குத்தகைக்காரருக்கு நிலத்தில் என்ன உரிமை என்பதை எல்லாம் ஊர்களைக் குலுக்கிப் போட்டு அறிய முடியாது. எங்கள் பகுதி வறுமை பாதி அதற்குள்தான் இருக்கிறது. ஓரிடத்தில் கிடைத்த முடிவு இன்னோரிடத்துக்குப் பொருந்தும் என்று எப்படிச் சொல்வது என்று ஆங்கஸ் டீட்டன் தொடர்ந்து கேட்டு வருகிறார், அவரும் 2015இல் நோபல் வாங்கியவர். பாடத்தைப் பார்ப்பவர்கள் அவரையும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. கடைசி விரிவுரைகளில் அரசியல், நிர்வாகம் பற்றி வருகிறது. எனக்கு அது போதவில்லை. இன்னொன்று, 2011இல் பதிவானதால் பல எண்கள் பழையவை.

யார் பார்க்கலாம்? பிளஸ் டூ பொருளியல் படித்த யாரும். கணிதம் கொஞ்சம்தான், வரைபடம் படிக்கத் தெரிந்தால் சமாளிக்கலாம். ஆங்கில விரிவுரை கேட்கப் பொறுமை வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் தேவை என்றால், இதே ஆசிரியர்களின் இணையவழிப் படிப்பு ஒன்று எம்.ஐ.டி.யில் உண்டு. தேர்வுக் கட்டணம் அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. அதில் வரும் தரவுப் பகுப்பாய்வுப் பாடத்துக்கு நிகழ்தகவு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், ஆர் என்ற கணினி மொழியும் கற்க வேண்டும். நான் அதைத் தொடங்கி மூன்றாவது வாரத்தில் நிற்கிறேன். எங்கள் கணித ஆசிரியர் சனிக்கிழமைதோறும் நிகழ்தகவு சொல்லித் தருகிறார்.

முழுவதும் பார்க்க நேரம் இல்லாதவர்கள் சமூகச் சோதனைகள் பற்றிய விரிவுரையையும், கல்வி பற்றிய விரிவுரைகளையும் மட்டும் பாருங்கள். வீடியோக்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. நான் பென் டிரைவில் போட்டு ஹைடெக் லேபில் இருபது நிமிடத் துண்டுகளாக ஓட்டுகிறேன், நடுவில் நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே. அன்று கேள்வி கேட்ட பையன் இப்போது கும்பகோணத்தில் எம்.ஏ. பொருளியல் படிக்கிறான். அவனுக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன்.