களி, சாமை, பேலியோ, 16 மணி நேர விரதம்: ரெண்டு பேர் சேர்ந்து இறங்கினால் எது தேறும்?

எடை குறைக்க நண்பரோடு சேர்ந்து இறங்குவதில் ஒரு வசதி உண்டு, ஒரு வில்லங்கமும் உண்டு. ஒரே அடுப்பு, ஒரே சந்தைச் செலவு என்பது வசதி. ஒரே தட்டளவு என்பது வில்லங்கம். 60 கிலோ ஆளும் 85 கிலோ ஆளும் சம அளவு சாப்பிட்டால் 85 கிலோக்காரருக்கு மளமளவென்று இறங்கும், 60 கிலோக்காரருக்குத் தராசு முள் அசையாது. மூன்றாவது வாரம் ஒருவர் கழன்றுகொள்வார். அதனால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புழங்கும் திட்டங்களை இங்கே ஒரே கேள்வியால்தான் அளந்திருக்கிறோம்: ஒரே பானையில் சமைத்து, அளவை மட்டும் பிரிக்க முடியுமா?

முதலிடம் ராகிக் களிக்கு. ஆனால் பலர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. 100 கிராம் ராகி மாவில் சுமார் 320 கலோரி, அதே எடை பச்சரிசியில் சுமார் 355. வித்தியாசம் ஒரு வாய்ச் சோறுகூட இல்லை. லாபம் நார்ச்சத்தில் இருக்கிறது: ராகியில் 11 கிராம், தீட்டிய அரிசியில் 3-க்கும் குறைவு. அதனால் பசி தள்ளிப்போகும். தருமபுரி ரேஷன் கடைகளில் 2023-இலிருந்து 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். மாவு அரைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம், கசந்துவிடும்.

ரெண்டு பேருக்கு மதியக் களி: நொய் 30 கிராம், மாவு 170 கிராம், தண்ணீர் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நொய் குழைய வெந்த பிறகே மாவைக் குவித்துப் போட்டு, நடுவில் துடுப்பால் ஓட்டை போட்டு, மூடி, சிறு தீயில் 5 நிமிடம். அப்புறம் கிளறல். நொய் வேகுமுன் மாவைக் கொட்டினாலோ, மூடாமல் உடனே கிண்டினாலோ உள்ளே பச்சை மாவு கட்டிக்கொள்ளும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இனிதான் முக்கிய வேலை: மொத்தக் களியையும் சமையல் தராசில் நிறுத்து, பத்தில் நாலு பங்கு 60 கிலோக்காரருக்கு, ஆறு பங்கு 85 கிலோக்காரருக்கு உருட்டுங்கள். முன்னவருக்கு ஏறக்குறைய 260 கலோரி, பின்னவருக்கு 390. கண்ணளவில் உருட்டினால் ரெண்டு உருண்டையும் ஒன்றுபோலத்தான் வரும், கை பழக்கம் அப்படி.

தொட்டுக்கொள்ள கீரைக் கடைசல், கூடவே கொள்ளு. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழி எவ்வளவு கொள்ளு என்று சொல்லவில்லை. கொள்ளு எந்தக் கொழுப்பையும் கரைக்காது. 100 கிராமில் 330 கலோரி அதிலும் இருக்கிறது. 20 கிராமுக்கு மேல் புரதம் இருப்பதுதான் அதன் பலம். ஆளுக்கு 40 கிராம், இரவே ஊறவைத்து, குக்கரில் ஐந்தாறு விசில். இரவுக்கு ஆளுக்கு ரெண்டு முட்டை சேராவிட்டால் களித் திட்டத்தில் புரதம் பற்றாது.

திட்டம் கவிழும் இடம் எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை 280 மில்லி எண்ணெயைத் தனி பாட்டிலில் ஊற்றி வையுங்கள்: ஆளுக்கு நாளைக்கு 20 மில்லி வீதம் ஏழு நாள். வியாழனிலேயே காலியானால் காரணம் தாளிப்புக் கரண்டிதான். ரோட்டோரக் கூழ்க்கடையில் கூழுக்கும் மோருக்கும் பயமில்லை, பக்கத்தில் வைக்கும் வடகமும் பொரித்த மோர் மிளகாயும்தான் கணக்கைக் கெடுப்பவை.

சாமைக்கு ரெண்டாமிடம். சித்தேரி மலைப் பக்கத்துச் சாமை கிடைத்தால் நல்லது. வெள்ளை வெளேரென்று இருந்தால் தீட்டியது, நார் போய்விட்டது என்று அர்த்தம். கல் அரித்து, 20 நிமிடம் ஊறவைத்து, ஒன்றுக்கு ரெண்டரை தண்ணீர். இரவு உப்புமாவுக்கு ஆளுக்கு 60 கிராம் போதும். உலர்ந்த எடையை நிறுத்துப் போடுங்கள், வெந்தபின் அது மூன்று மடங்கு ஊதிக் கண்ணை ஏமாற்றும்.

16 மணி நேர விரதம், அதாவது நாளில் 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்து மீதி நேரம் பட்டினி, ஒரே ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்கு மட்டும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒருவர் பகல், ஒருவர் இரவு என்றால் ஜோடி உடைந்தது. பால் காபி குடித்தாலும் விரதம் முறிந்தது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவரிடம் அளவை மாற்றாமல் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழும்.

அரிசி, தானியத்தை விட்டு இறைச்சி, முட்டை, கொட்டைகள் தின்னும் பேலியோவில் எடை முதல் வாரமே ரெண்டு மூன்று கிலோ இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். காலை 100 பாதாம் என்றால் அதிலேயே 600 கலோரிக்கு மேல். சின்ன ஆளுக்கு அது பாதி நாள் சாப்பாடு, குறைத்துப் பிரிக்கவும் யாரும் சொல்லித் தருவதில்லை. செலவும் இடிக்கும். சாப்பாட்டுக்குப் பதில் கலக்கிக் குடிக்கும் ஷேக் பவுடரை விடுங்கள், நிறுத்திய மாதமே எடை திரும்பும்.

எல்லாத் திட்டமும் நாலு லிட்டர் தண்ணீர் என்கிறது. இந்த ரெண்டு மாவட்டத்தில் அதை அப்படியே எடுக்காதீர்கள்: போர்வெல் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகமுள்ள ஊர்கள் நிறைய. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால் அதையே குடியுங்கள், தாகத்துக்குத் தக்க.

எடை பார்ப்பது ஒரே தராசில், காலையில், வெறும் வயிற்றில். ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணோடு ஒப்பிட வேண்டாம், வாரச் சராசரியை அவரவர் போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய் நாட்களில் நீர் கோத்து ஒரு கிலோ கூடினால் அது கொழுப்பல்ல. வாரம் அரைக் கிலோ இறங்கினால் போதுமானது.

மே, ஜூனில் மாம்பழம் வேண்டாம் என்று கிருஷ்ணகிரிக்காரரிடம் சொல்லும் திட்டம் எப்படியும் நிற்காது. 200 கிராம் சதை தின்ற அன்றைக்குக் களியில் 35 கிராம் மாவைக் குறையுங்கள், கணக்கு சரியாகும். மாம்பழ ஜூஸுக்கு இந்தக் கழித்தல் செல்லாது. அதில் போட்ட சீனியைக் கடைக்காரரே எண்ணிப் போட்டிருக்க மாட்டார்.