ஸ்பைக்ஸ் ஷூ: சேலத்துச் செம்மண்ணுக்கு ஆரம்ப மாடல் போதுமா?

பெரியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளின் தடகளப் போட்டி என்றால் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டத்துப் பிள்ளைகளும் ஒரே கோட்டில் வந்து நிற்பார்கள். அதில் தேறினால் பல்கலைக்கழக அணி, அதற்கு மேல் அகில இந்தியப் போட்டி. சிக்கல் என்னவென்றால், அன்றாடப் பயிற்சி செம்மண் கிரவுண்டில், பெரிய போட்டி ரப்பர் பரப்பிய சிந்தெடிக் டிராக்கில். இரண்டுக்கும் ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்பவர்கள் சேலத்து விளையாட்டுக் கடைகளில் கேட்டு வாங்கும் ஆரம்ப நிலை ஸ்பைக்ஸை, அதாவது அடியில் ஆணி திருகி மாட்டும் ஓட்ட ஷூவைத்தான் இங்கே பார்க்கிறோம்.

100 முதல் 400 மீட்டர் வரை ஓடுபவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஷூவின் பெயரைவிட அதில் எந்த ஆணியை மாட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். கடையில் இதைச் சொல்பவர்கள் குறைவு.

சிந்தெடிக் டிராக்குக்கு 6 மி.மீ. ஆணி போதும். உலகத் தடகள விதி 9 மி.மீ. வரை அனுமதிக்கிறது, உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் மட்டும் 12. ஒரு ஷூவில் 11 ஆணிக்கு மேல் கூடாது. விதியில் இடம் இருக்கிறதே என்று நீள ஆணியை மாட்டினால், அது ரப்பருக்குள் புதைந்து ஒவ்வொரு அடியிலும் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கும். டிராக்கும் கிழியும் என்பதால் பல மைதானங்களில் 6-க்கு மேல் உள்ளே விடுவதில்லை.

மண்ணில் கதை வேறு. மழை பெய்து இளகிய தரையில் 9 மி.மீ. நன்றாகப் பிடிக்கும். அதே ஆணி சித்திரை வெயிலில் காய்ந்து இறுகிய செம்மண்ணில் இறங்கவே இறங்காது. உடம்பின் எடை முழுவதும் ஆணி முனையில் நிற்க, முன்பாதத்தில் எலும்புக்கு அடியில் வலி தொடங்கும். வெயில் காலத்தில் மண்ணிலும் 6-க்கு மாறுங்கள். கூடுதலாக ஒரு செட் ஆணியும் அதைத் திருகும் சாவியும் வாங்கினால் ஒரே ஜோடி இரண்டு தரைக்கும் ஆகும்.

ஆரம்ப மாடல்களில் முதலில் போவது மேல்துணி அல்ல, ஆணித் துளையின் மரைதான். செம்மண் துகள் உள்ளே போய், வியர்வையும் ஈரமும் சேர்ந்து துருப்பிடித்தால் ஆணி அப்படியே இறுகிவிடும். பிறகு சாவியைப் போட்டு முறுக்கினால் தலை வழுக்கும், அதோடு துளையும் போச்சு. வாரம் ஒருமுறை எல்லா ஆணியையும் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துளையைத் தேய்த்து, மரையில் துளி வாசலின் தடவி மாட்டுங்கள். முதல் இரண்டு சுற்று விரலாலேயே திருக வேண்டும். சாவியை அப்புறம் போடலாம். எடுத்ததுமே சாவி போட்டால் மரை குறுக்கே ஏறிக் கெடும்.

அடுத்த குறை பசை. வெயிலில் நிற்கும் பைக்கிலோ காரிலோ ஷூவை விட்டால் அடித்தட்டு முனையில் வாய் பிளக்கும். ஆணி மாட்டிய ஷூவோடு சிமென்ட் தரையில் நடக்கும் பழக்கமும் வேண்டாம். கேலரி படிக்கட்டில் சரக் சரக்கென்று நடப்பது பார்க்கக் கெத்துதான், முனை மழுங்குவது மட்டும் தெரியாது.

அளவு பார்க்க மாலையில் போங்கள், கால் சற்று வீங்கியிருக்கும். மெல்லிய சாக்ஸ் போட்டு, எழுந்து நின்று பாருங்கள். விரல் நுனி முன்னால் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். வெறுங்காலில் ஓடி வளர்ந்த பிள்ளைகளுக்கு முன்பாதம் அகலமாக இருக்கும். சுண்டுவிரல் பக்கம் இடித்தால் ஒரு சைஸ் ஏற்றாதீர்கள், வேறு மாடலைக் கேளுங்கள். பெரிய சைஸில் குதிகால் வழுக்கும்.

உயரம் தாண்டுபவர்களுக்கு இது உதவாது. உயரம் தாண்டும் ஷூவில் குதிகாலிலும் ஆணி உண்டு, ஓட்ட ஷூவில் கிடையாது. வளைவில் ஓடிவந்து குதிகால் ஊன்றும்போது சறுக்கினால் கணுக்கால் போய்விடும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், 2024 பாரிஸில் வெண்கலமும் வாங்கியதில் இருந்து இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் உயரம் தாண்டுதலுக்கு ஒரு தனி மவுசு. அந்த ஆசையில் ஓட்ட ஸ்பைக்ஸையே மாட்டிக்கொண்டு உயரம் தாண்டும் கம்பியை நோக்கி ஓடாதீர்கள்.

ஏற்காடு மலைப்பாதையில் ஓடிப் பழகுபவர்களுக்குத் தனி ரோடு ஷூ வேண்டும். அதே சமயம் தடிமனான மாரத்தான் ஷூவை 5,000 மீட்டருக்குப் போட்டுவர முடியாது: 2024 நவம்பர் முதல் டிராக் போட்டிகளில் அடித்தட்டு 20 மி.மீ.-க்கு மேல் இருக்கக் கூடாது.

புது ஸ்பைக்ஸில் குதிகால் தாழ்ந்திருப்பதால் கெண்டைக்கால் இழுக்கும். முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், 60 மீட்டரில் ஐந்தாறு ஓட்டம் போதும். மீதிப் பயிற்சி சாதாரண ஷூவில் நடக்கட்டும்.