கோட்டு அசல், கழுகு போலி: ஜெர்மன் போர்க்காலச் சீருடை வாங்குகிறவர்களுக்கு

"1941 ஃபெல்ட்ப்ளூஸெ (களக் கோட்டு), கை படாத நிலை, சின்னங்கள் தொழிற்சாலையில் தைத்தது தைத்தபடி" என்று சொல்லி, முன்பக்கப் படம் மூன்றை மட்டும் காட்டி விற்கப்பட்ட ஒரு ஜெர்மன் தரைப்படைக் கோட்டைப் பற்றியது இந்தப் பதிவு. விற்றவர் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்கிறவர்கள் ஏராளம், ஒரு பெயரைச் சொல்வதால் மற்றவர்கள் நல்லவர்கள் ஆகிவிட மாட்டார்கள். வந்து சேர்ந்த கோட்டு அசல்தான். மோசடி முழுக்க அதன் மேல் தைத்திருந்த சின்னங்களில்.

அடியோடு போலியான கோட்டைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம் இல்லை. ஆளைக் கவிழ்ப்பது இந்தக் கலப்பு ரகம்தான். 1945க்குப் பிறகு ராணுவ உடுப்பைச் சின்னத்தோடு போட அனுமதி கிடையாது. துணிப் பஞ்சமோ கடுமை. ஸ்வஸ்திகாவைப் பிடித்திருக்கும் கழுகுச் சின்னத்தைப் பிரித்தார்கள், சாயம் முக்கினார்கள், வயலுக்கும் பட்டறைக்கும் அதையே போட்டுக்கொண்டு போனார்கள். அப்படிச் சின்னம் போன கோட்டுகள் நிறைய மிஞ்சின. சின்னத்தோடு இருக்கும் கோட்டின் விலையோ வேறு உயரம். அந்த இடைவெளியில்தான் ஊசியும் நூலும் பிழைக்கின்றன.

கோட்டு அசல் என்று எப்படித் தெரிந்தது? முதலில் லைனிங்கில் இருந்த முத்திரை. எர்ஃபுர்ட் கிடங்கின் எழுத்தும் பக்கத்தில் 41 என்ற வருடமும். அதோடு ஐந்து எண்கள்: மேல் வரிசையில் முதுகு நீளமும் கழுத்தளவும், நடுவில் மார்பு, கீழ் வரிசையில் மொத்த நீளமும் கை நீளமும். கீழ் வரிசை இரண்டையும் டேப் வைத்து அளந்துவிடலாம். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சுருக்கம் சகஜம். முத்திரையில் கை 62 என்று இருந்து டேப்பில் 57 வந்தால், கை வெட்டப்பட்டிருக்கிறது, இல்லையென்றால் லைனிங் வேறு கோட்டிலிருந்து வந்திருக்கிறது. இன்னொரு பொறி: போரின் பிற்பாதியில் தயாரிப்பாளர் பெயருக்குப் பதில் ரைஷ்பெட்ரீப்ஸ்நும்மர் என்ற எண்ணை அடித்தார்கள். 1939, 1940 வருடத்துக்குப் பக்கத்தில் அந்த எண் இருந்தால் கோட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வெட்டும் பொருந்தியது. முன்னால் ஐந்து பட்டன், மடிப்பு வைத்த நான்கு பாக்கெட், வளைவாக வெட்டிய மூடி. 1941 மாதிரியில் பட்டன் ஆறாயிற்று. 1942 மாதிரியில் பாக்கெட் மடிப்பு போயிற்று. 1943 மாதிரியில் மூடியின் வளைவும் போய் நேர்வெட்டு வந்தது. பழைய மாதிரித் துணி தீரும்வரை தைத்துக்கொண்டே இருந்தார்கள் என்பதால், 41 முத்திரையோடு ஐந்து பட்டன் இருப்பதில் தப்பில்லை. வலது முன்தட்டின் அடியில், உள்பக்கம், காயக்கட்டு வைக்கிற சின்னப் பாக்கெட்டும் இருந்தது.

இப்போது கழுகு. தரைப்படையில் அது வலது மார்பில், பாக்கெட்டுக்கு மேலே. பத்து மடங்கு லென்சில் முன்பக்கம் பார்க்க ஒழுங்காகவே இருந்தது. இருட்டறையில் 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் அடித்ததும் கதை மாறியது: கம்பளி கறுப்பாகக் கிடக்க, கழுகைச் சுற்றியுள்ள தையல் நூல் மட்டும் நீலவெள்ளையாக எரிந்தது. வெளுப்பேற்றும் பொருள் கலந்த, போருக்குப் பிந்தைய நூல். ஒன்று கவனியுங்கள். கோட்டு முழுக்க ஒளிர்ந்தால் யாரோ பின்னாளில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம், போலி என்று அல்ல. ஓர் இடம் மட்டும் ஒளிர்வதுதான் ஆபத்து. அந்த நூலில் அரை சென்டிமீட்டர் வெட்டி நெருப்பில் காட்டினால், பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். இது உருகிக் கெட்டியான கறுப்பு மணியாய் நின்றது. பாலியெஸ்டர்.

தொழிற்சாலைத் தையல் பொதுவாக லைனிங்கைத் துளைத்து வெளியே வராது. இதிலும் வரவில்லை, ஏனென்றால் அக்குளுக்குக் கீழே லைனிங்கைப் பன்னிரண்டு சென்டிமீட்டர் பிரித்து, உள்ளே கைவிட்டுத் தைத்து, மறுபடி மூடியிருந்தார்கள். கோட்டின் மற்ற லைனிங் தையல் சீராக ஓட, அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டரில் மட்டும் தையல் குட்டையும் நெட்டையுமாக நடந்தது. இந்த இடத்தைத்தான் முதலில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணைவிட விரல் சீக்கிரம் சொல்லிவிடும்.

முடிவைச் சொன்னது அந்து. கழுகின் இடது சிறகு ஓரத்தில் பழைய அந்துத் துளையை யாரோ இழையோட்டி அடைத்திருந்தார்கள். வெறும் துளையை வைத்து எதையும் சொல்ல முடியாது, அந்து கம்பளியைத் தின்னும், ரேயானில் நெய்த கழுகைச் சீண்டாது. ஆனால் அடைத்த இழை கழுகின் அடியில் போய்க்கொண்டே இருந்தது. கழுகு அங்கே முன்பே இருந்திருந்தால், இழையோட்டியவர் அதன் விளிம்பில் நின்றிருப்பார். பிரித்துப் பார்த்தபோது பழைய ஊசித்துளை வரிசை புதுக் கழுகின் விளிம்பிலிருந்து நான்கு மில்லிமீட்டர் கீழே இருந்தது. கழுகின் முதுகில் வெள்ளை வலைத்துணி, கணினி எம்பிராய்டரி இயந்திரம் தாங்கலுக்கு வைப்பது. போர்க்காலத்தில் சின்னம் நெய்த வுப்பர்டால் ஊர் பேவோ நிறுவனத்தின் நெசவில் முதுகுப்பக்கம் உருவம் தலைகீழ் நிறத்தில் தெரியும், வலை எதுவும் இருக்காது. அதிகாரிகளுக்கான அலுமினியக் கம்பிக் கழுகென்றால் வயதாக ஆகச் சாம்பல் நிறமாக மங்க வேண்டும். மங்கிய இடத்தில் செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் அது வேறு கம்பி.

கோட்டின் தோளில் மாட்டும் பட்டிகளின் ஓரம் பீரங்கிப்படைச் சிவப்பு. வலதின் சிவப்பும் இடதின் சிவப்பும் ஒரே சிவப்பு இல்லை. அவை ஒரு பட்டனிலும் ஒரு கண்ணியிலும் மாட்டிக் கழற்றுகிறவை, அதை வைத்துப் படைப்பிரிவு வரலாறு சொல்கிறவரிடம் காது கொடுக்க வேண்டாம். பரணில் கிடைத்தது, தாத்தாவுடையது என்கிற கதைகளுக்கும் அதே மரியாதைதான்.

நீண்ட குளிர்கோட்டில், மான்டல் என்பார்கள், பிழைப்பு இன்னும் சுலபம். தரைப்படை மான்டலில் மார்புக் கழுகே கிடையாது, கழுத்துச் சின்னமும் கிடையாது. இரண்டையும் தைத்து "முழுமையானது" என்று கூடுதல் விலை கேட்பதை இன்றும் பார்க்கலாம். சுவிஸ், ஸ்வீடிஷ், கிழக்கு ஜெர்மன் மான்டல்களைப் பட்டன் மாற்றி விற்பதும் உண்டு. ஸ்வீடனுடையதில் மூன்று கிரீட முத்திரையைத் தேடுங்கள், சுரண்டிய தடமாவது இருக்கும்.

நம்மவர்கள் அதிகம் மாட்டுவது ஒரு கைச்சின்னத்தில். சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் திரட்டிய இந்தியப் படையணிக்கு, 950ஆம் ரெஜிமென்ட், வழக்கமான ஜெர்மன் சீருடைதான். வலது கையில் காவி, வெள்ளை, பச்சைக் கேடயம், பாயும் புலி, மேலே "ஃப்ரைஸ் இண்டியன்", அதாவது சுதந்திர இந்தியா. மொத்தமே சில ஆயிரம் வீரர்கள். சந்தையில் சுற்றும் கேடயங்களைப் பார்த்தால் ஒரு பெரும் படையே இருந்திருக்க வேண்டும். கோட்டோடு சேர்த்து வந்தால், முதலில் கேடயத்தின் அடியில் கம்பளி நிறம் மங்காமல் இருக்கிறதா என்று விளிம்பைத் தூக்கிப் பாருங்கள்.

பணம் திரும்பக் கேட்டபோது விற்றவர் சொன்ன பதில்: "நீங்கள்தான் பிரித்துவிட்டீர்களே." இங்கேதான் நம் பக்கத் தப்பு. புறஊதாப் படமும் லைனிங் படமும் இருந்தாலே போதும், சின்னத்தைப் பிரிக்கவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வியாபாரியிடம் தொலைவிலிருந்து வாங்கினால் 14 நாள் திருப்பும் உரிமை உண்டு, தனியாரிடம் வாங்கினால் கிடையாது. "உத்தரவாதம் இல்லை" என்று எழுதியிருந்தாலும், குறையைத் தெரிந்தே மறைத்தவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள ஜெர்மன் சிவில் சட்டம் 444ஆம் பிரிவு விடாது. பேபாலில் "நண்பர்கள், குடும்பம்" வழியாகப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள், அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைக் காட்டுவதைத் தடுக்கும் குற்றவியல் சட்டம் 86அ பிரிவின் காரணமாக விற்பனைப் படங்களில் ஸ்வஸ்திகாவை ஒட்டி மறைப்பார்கள். மறைக்க வேண்டியதுதான், ஆனால் சிலர் கழுகு முழுவதையும் தையலோடு சேர்த்து மூடிவிடுகிறார்கள். கழுகின் சிறகு விளிம்பு, அதற்கு நேர் உள்பக்க லைனிங், அக்குள் தையல், முத்திரை: இந்த நான்கு படமும் வராமல் காசு போகக் கூடாது.

பேசிப் பேசிப் பாதிப் பணம் திரும்பி வந்தது. கோட்டு சின்னம் இல்லாமலேயே அலமாரியில் தொங்குகிறது. கழுகை அடுத்தவர் கோட்டுக்குப் போகாதபடி முதுகில் அழியாத மையால் "போலி" என்று எழுதி வைத்திருக்கிறோம்.