நோவீனாவில் ஒரு மச்சப் பரிசோதனை

சிங்கப்பூரின் நோவீனா வட்டாரத்தில் உள்ள ஒரு தனியார் தோல் மருந்தகம் ‘உச்சி முதல் பாதம் வரை’ என்று விளம்பரம் செய்யும் மச்சப் பரிசோதனைக்கு அம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். மருத்துவரின் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பரிசோதனையை அமைத்திருக்கும் முறையில்தான் குறை, அதுவும் நம்மைப் போன்ற கருநிறத் தோலினருக்கு முக்கியமான குறை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கன்னங்களில் மிளகு தூவியது போலிருக்கும் கரும்புள்ளிகள், சங்கிலி உரசும் இடத்தில் தொங்கும் பாலுண்ணிகள், முதுகில் நகத்தால் பெயர்த்துவிடலாம் என்று தோன்றும் பழுப்புத் தடிப்பு ஆகிய அனைத்தையும் டெர்மாஸ்கோப் வழியாக மருத்துவர் நிதானமாகப் பார்த்தார். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் இந்தக் கருவியின் விளக்கொளி, தோலின் மேற்பரப்பு மினுமினுப்பை விலக்கி அடியிலுள்ள நிறப்படிவைக் காட்டுகிறது. முதுகுத் தடிப்பினுள் சின்னஞ்சிறு வெண்மணிகள் தெரிந்ததைத் திரையில் காட்டி, அது வயதானவர்களுக்குச் சாதாரணமாக வரும் செபோரிக் கெரட்டோசிஸ் என்றும், அழகுக்காக வேண்டுமானால் நீக்கலாம், உடல்நலத்துக்கு அவசியமில்லை என்றும் சொன்னார். லேசர் சிகிச்சையை விற்க அவர் முயலவில்லை. இங்கே அது அபூர்வம். பேசல் செல் புற்று என்ற தோல் புற்றுநோய் ஆசியர்களிடம் பெரும்பாலும் கருமையாகவே வருவதால் மச்சம் என்று விட்டுவிடுகிறார்கள் என்றும், முத்துப் பளபளப்பும் உருண்ட விளிம்பும் ஆறாத புண்ணும் இருந்தால் காத்திருக்கக் கூடாது என்றும் விளக்கினார்.

ஆனால் ‘பாதம் வரை’ என்ற விளம்பரம் கணுக்காலோடு நின்றுவிட்டது. “காலணி இருக்கட்டும் அம்மா” என்றார் தாதி. கையில் கொடுத்த கையேடும் இருபுறமும் ஒவ்வாத வடிவம், ஒழுங்கற்ற விளிம்பு, பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம், மாற்றம் என்ற ஐந்து அடையாளங்களை வெள்ளைத் தோல் படங்களோடு விளக்கியதே தவிர, உள்ளங்காலைப் பற்றி வாய் திறக்கவில்லை. நிறச் செல்களில் தோன்றும் மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோய் ஆசியர்களுக்குக் குறைவாகவே வருகிறது. வரும்போது வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருகிறது.

நாங்கள் கேட்ட பிறகு மருத்துவர் மறுக்காமல் பார்த்தார். வெளிநாட்டு யோகம் என்று அம்மா பெருமையாகச் சொல்லிவந்த உள்ளங்கால் மச்சத்தில், ரேகை மேடுகளுக்கு இடையிலான பள்ளங்களில் மட்டும் நிறம் கோடுகோடாகப் படிந்திருந்தது. இது பெரும்பாலும் தீங்கற்றது; மேடுகளின்மீது பட்டையாகப் படிந்திருந்தால் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். நகத்திலுள்ள கருங்கோடு அகலமாகிக்கொண்டே போவதும், நிறம் நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்குப் பரவுவதும் அதுபோலவே கவனிக்க வேண்டியவை.

கட்டணம் எங்களுக்குச் சற்று அதிகமாகவே பட்டது. அவசரமில்லாதவர்கள் அரசு பலதுறை மருந்தகத்தில் பரிந்துரை பெற்று, மண்டலே சாலையிலுள்ள தேசியத் தோல் மையமான நேஷனல் ஸ்கின் சென்டருக்கு மானியக் கட்டணத்தில் செல்லலாம். இங்கேயே வர நினைப்பவர்கள் முன்பதிவின்போதே உள்ளங்கால், நகம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நகப்பூச்சை அழித்துவிட்டு வாருங்கள். எடுத்த படங்களின் நகலையும் அப்போதே கேட்டு வையுங்கள். மாற்றத்தைக் கண்காணிக்க ஒப்பிட வேண்டியது அந்தப் படங்களைத்தான், எங்களுக்கோ அவை மருந்தகப் பதிவுக்கு மட்டுமே என்று பதில் வந்தது.