லினக்ஸ் பாஸ்வேர்டு மறந்துபோனால் ஃபார்மட்டுக்குத் தலையாட்டாதீர்கள்

குடியாத்தத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடை கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தது அக்கா மகன். ஆன் செய்தால் தானாகவே உள்ளே போய்விடும், அதனால் பாஸ்வேர்டு தேவைப்பட்டதே இல்லை. புது பிரிண்டருக்கு சாஃப்ட்வேர் ஏற்றும்போதுதான் கேட்டது. மருமகனுக்கே ஞாபகமில்லை.

சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். ஃபைல்கள் எல்லாம் திறந்துதான் கிடந்தன. ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை பாருங்கள், அது என் புத்தி.

மறுநாள் போனால், "லினக்ஸ்ல பாஸ்வேர்டு போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே. ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டாச்சு" என்றார் கடைக்காரர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1,800 ரூபாய், பில் கிடையாது. திரையின் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக நிற்கிறது. நான்கு வருடக் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் போயே போய்விட்டன.

அப்புறம் கடைக்கு ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்த ஒரு கல்லூரிப் பையன் தன் லேப்டாப்பிலேயே செய்து காட்டினான். ஆன் ஆகும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் தட்டினால் க்ரப் மெனு, அதாவது எப்படி ஆன் ஆக வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ரெகவரி மோட், ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிஸ்க்கை எழுதும் நிலைக்கு மாற்றிவிட்டு, 'பாஸ்வேர்டு' கட்டளையோடு யூசர் பெயரை அடித்தால் புதியது கேட்கிறது. (அந்தக் கட்டளையை passwd என்று அடிக்க வேண்டும், ஓ, ஆர் இரண்டும் கிடையாது. புது பாஸ்வேர்டு அடிக்கும்போது எழுத்து திரையில் தெரியாது, பயப்பட வேண்டாம்.) பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு ஃபைலும் அசையவில்லை.

பழைய பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, புதிதாக வைத்துக்கொண்டால் போதும். டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்திருந்தால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தால், இந்த வழி நடக்காது. அப்படியென்றால் ஆன் செய்ததுமே தனியாக ஒரு பாஸ்வேர்டு கேட்கும். என்னுடையது கேட்டதே இல்லை. ஆகவே கடையில் ஃபார்மட் என்று ஆரம்பித்தால், சரி என்று சொல்லாமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நேற்று ஒருவர் வந்து, பெரிய பெண் கல்யாணத்துக்கு அடித்த அதே பத்திரிகைதான் சின்னவளுக்கும் வேண்டும் என்றார். நல்லவேளை, அவர்கள் வீட்டு பீரோவில் பழையது ஒன்று இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து முதலிலிருந்து டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.